எட்டாவது ஊதல்

நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று ஊத வைத்துப் பார்க்கும் பரிசோதனைக்குத் தனியாகப் படித்து சர்டிபிகேட் வாங்கிய நர்ஸ் நான்.

போன வருஷம் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை செய்பவர்களைப் பரிசோதிக்கப் போன என்னை மேனேஜர் திருப்பி அனுப்பினார். "ஊதுறதுக்கு எதுக்கும்மா சர்டிபிகேட்டு? எங்க ஸ்டோர்கீப்பரே பாத்துக்குவாரு."

பார்த்தார். உயரத்தை வைத்துத்தான் நார்மலா என்று கணக்குப் போட வேண்டும்; ஒவ்வொருவர் உயரத்தையும் அளக்காமல் எல்லோருக்கும் தன் உயரத்தையே போட்டு, ஒரே ஒரு தடவை ஊத வைத்து, 'நார்மல்' என்று எழுதினார். மண் தூள் அரைக்கும் செல்வி அக்காவுக்கும் நார்மல்தான். இப்போது வேப்பூர் பஸ்ஸில் ஏறுவதற்குள் அக்காவுக்கு மூச்சு முட்டுகிறது.

இன்று காலை அதே மேனேஜர் இருமிக்கொண்டே எங்கள் கிளினிக்குக்கு வந்தார்.

மூக்கில் கிளிப் மாட்டினேன். "ஊதுங்க சார். இன்னும், இன்னும், விட்டுடாதீங்க."

மூன்று ஊதல் சரியாக அமைய வேண்டும். அரைகுறையாக ஊதியதை எல்லாம் தள்ளினேன். ஏழாவதில் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. விதிப்படி எட்டு வரை போகலாம். போனேன்.

"எப்படிம்மா இருக்குது?"

"டாக்டர் பாத்துட்டு சொல்லுவாங்க சார். அவசரம்னா உங்க ஸ்டோர்கீப்பரக் கூப்புடுங்க. இப்பவே நார்மல்னு எழுதிக் குடுத்துடுவாரு."

எட்டாவது ஊதல் அதிகம் என்று நினைப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். செல்வி அக்காவும் படிப்பார்.