ஆக்னஸின் அரிசி ஆலை ஏலத்துக்கு வந்தது

சர்ச்சில் காணிக்கைப் பொருள்களை விற்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காய்க்கு இருக்கும் மதிப்பு ஓவியத்துக்கு இல்லை. பூசணியைச் சாம்பாரில் போடலாம். ஆக்னஸின் ஓவியத்தை எதில் போடுவது என்று செகந்திராபாத் தமிழ்ச் சபைக்கு இன்றுவரை விளங்கியதில்லை.

ஆக்னஸ், சனத்நகரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுபவர். ஞாயிறு மதியம் மட்டும் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர். வருஷா வருஷம் ஒரு படத்தைச் சபைக்குக் காணிக்கை கொடுப்பார். ஏலத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கணவர் ஜோனத்தன்தான், லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆசாமி, கை தூக்கி வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவருவார். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அன்பு சுவர் முழுக்கத் தொங்கியதில் காலண்டருக்கு இடமில்லை.

"இந்த வாட்டி நீங்க கை தூக்கினா நான் பிரஷ்ஷையே தொடமாட்டேன். ஒருத்தராவது ஆசைப்பட்டு வாங்கட்டும்."

"ஹவ் மா," என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டு ஜோனத்தன் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

இந்த வருஷப் படம் மேதக் சாலையோர அரிசி ஆலை. மாலை வெயிலில் பறக்கும் உமித்தூசி, ஊதா நிழல். ஏலம் போடும் ஏனோக் அதை முன்வரிசைப் பெரியவர்களின் மூக்கருகே நீட்டினார். கத்தரிக்காய் காட்டிப் பழகிய கை.

"என்னப்பா, மழையில நனைஞ்சிருச்சா?"

"ஆக்னஸ் கண்ணாடி போடாம வரைஞ்சிருக்கும்!"

சபை சிரித்தது. ஜோனத்தனின் பாக்கெட் துடித்தது. ஆக்னஸ் முறைத்தார்.

அப்போது வாசற்படியிலிருந்து ஒரு குரல்: "அண்ணே, அந்த ரைஸ் மில் எனக்கு!"

பிளெசி. நாகர்கோவிலிலிருந்து கச்சிபௌலிக்கு ஐ.டி. வேலைக்கு வந்த பெண். டிராஃபிக் புண்ணியத்தில் வாராவாரம் தாமதம், வாராவாரம் கடைசி இடம். முன்வரிசைக்கு வெறும் சாயப்பொட்டுகளாகத் தெரிந்தது, அங்கிருந்து பார்த்தால் தங்கத்தூசிக்குள் நிற்கும் ஆலை. நேரத்துக்கு வந்தவர்களுக்குக் கர்த்தர் அதைக் காட்டவில்லை.

போட்டிக்கு ஆளில்லை. ஏனோக் மூன்று தரம் சொல்லி முடித்தார். ஆனால் வாங்கிய பொருளைச் சபைக்கே திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விட வைப்பதுதான் பக்திக்கு அழகு. ஒரே பூசணி நாலு முறை விற்கும்.

"மறுபடி ஏலத்துக்கு வச்சிரலாமாம்மா?"

ஆக்னஸ் இருக்கையிலிருந்து பாதி எழுந்தார்.

"அய்யோ, தரமாட்டேன்ணே! என் ரூம்ல மாட்டணும்," என்று பிளெசி படத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஏய் பொண்ணே, அணைக்காதே! பெயிண்ட் இன்னும் காயல!" என்று ஆக்னஸ் ஓடினார்.

அதற்குள் பட்டுப்புடவையில் ஊதா ஏறிவிட்டது. பிளெசி குனிந்து பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

"பரவால்லக்கா. அடுத்தது எப்போ வரைவீங்க?"

சபையில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"ஆலைக்குப் பின்னாடி ஏரி ஒண்ணு இருக்கு," என்றார் ஆக்னஸ். "வர்ற ஞாயிறு போறேன்."