தம்பிக்கு வைத்த சோறு

தேயிலை விலை விழுந்த காலத்தில் குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நான் ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்தேன். ஊரே இளைத்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் இளைக்க முடியாமல் திண்டாடினேன். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் உதிரம் போனது. ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும், ஆனால் இந்த எடைக்கும் இந்தப் பிரஷருக்கும் மயக்கமருந்து கொடுக்க முடியாது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று குன்னூர் டாக்டர் சொல்லிவிட்டார். இப்படியே விட்டால் ஒருநாள் உயிர் போய்விடும் என்று எனக்கே தெரிந்தது. நடக்க ஆரம்பித்தேன்.

தினமும் விடிந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து ஃபேக்டரி கேட் வரை ஏறி இறங்குவேன். ஃபேக்டரியை மூடியிருந்தார்கள். பொழுதுக்கும் வந்துகொண்டிருந்த வறுத்த தேயிலை வாசனை நின்றுபோயிருந்தது. கொழுந்து பறிக்காமல் விட்டதில் இடுப்பளவுச் செடிகள் தலைக்கு மேல் வளர்ந்து மரமாகிக்கொண்டிருந்தன. தேயிலை என்பது வெட்டாமல் விட்டால் மரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள்தான் நான். கண்ணால் பார்க்கப் பிடிக்கவில்லை. பனிமூட்டத்தில் அவற்றுக்கு நடுவே நடக்கும்போது பின்னால் யாரோ வருகிற மாதிரியே இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதுதான் காரணம்.

அந்த ஃபேக்டரியில்தான் என் தம்பி வேலை பார்த்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு அவன், அவனுக்கு நான் என்று இருந்தோம். ஃபேக்டரி மூடியதும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். சொல்லாமல் கொள்ளாமல் சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்குவான். செருப்பைக் கழற்றும்போதே "அக்கா, சோறு இருக்குதா?" என்பான். ஒருதடவை இல்லாமல் போய், டீயும் வர்க்கி பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். அது என் நெஞ்சை அறுத்தது. அதற்குப் பிறகு தினமும் அவனுக்கும் சேர்த்தே உலை வைத்தேன். எனக்கு ஒரு டம்ளர், அவனுக்கு ஒன்றரை.

பிறகு அவன் வருவது நின்றது. திருப்பூர் போய்த் தேடினேன். வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார்கள் கம்பெனியில். கூடத் தங்கியிருந்தவர்கள் அவன் பெட்டியைக் கொடுத்தார்கள். போலீஸில் போட்டோவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்பி வந்து அன்றைக்கும் இரண்டரை டம்ளர் அரிசி போட்டேன்.

நடக்கத் தொடங்கியபோது எண்ணெயையும் இனிப்பையும் நிறுத்தியிருந்தேன். முதல் சில மாதம் எடை நன்றாக இறங்கியது. அப்புறம் முள் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. சாயங்காலமும் ஒரு நடை சேர்த்துப் பார்த்தேன். அசையவில்லை. எஸ்டேட் டிஸ்பென்சரியில் அப்போது மிஞ்சியிருந்தது ஒரு எடை மிஷினும், மேட்டுப்பாளையத்திலிருந்து புதிதாக வந்த ஒரு நர்ஸும்தான். என் வீட்டுக் கதை எதுவும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

"நடக்கறதுல கொறை இல்லீங்க டீச்சர்," என்றாள். "ஒடம்பு எளைச்சா அதுக்கு வேணுங்கற கலோரியும் கொறைஞ்சிருமுங்க. பெருத்த ஒடம்புக்கு அளவா இருந்த சாப்பாடு இப்ப ஜாஸ்தி. இன்னுங் கொஞ்சம் கொறைக்கோணும்."

குறைத்தேன். காலையில் மூன்று இட்லியை ஒன்றாக்கினேன். மத்தியானச் சோற்றைப் பாதியாக்கினேன். டீயில் சர்க்கரையை விட்டேன். கரும்பலகையில் எழுதும்போது கண் இருட்டியதே தவிர, எடை கால் கிலோகூட இறங்கவில்லை. நர்ஸுக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"ராத்திரிக்கு என்னங்க சாப்பிடறீங்க?"

"சோறுதான்."

"எவ்வளவு அரிசி போடறீங்க?"

"ரெண்டரை டம்ளர்."

"ஊட்டுல எத்தன பேருங்க?"

"ரெண்டு பேரு. நானும் தம்பியும்."

"அவரு எவ்வளவு சாப்பிடுவாருங்க?"

"அவன் சாப்பிடறதில்ல."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்ப அத ஆருங்க சாப்பிடறாங்க?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். சாயங்கால பஸ் வீட்டுக்குக் கீழே வளைவில் நிற்காமல் போன சத்தம் கேட்டதும் அடுப்படியில் உட்கார்ந்து என் சோற்றைத் தின்பேன். வயிறு நிறைந்த பிறகு அவனுடையதையும் தின்பேன். கீழ்நாட்டு வெயிலில் என்றால் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழையதாகக் குடிக்கலாம். இந்தக் குளிரில் அது புளிக்கவும் செய்யாது, குடித்தால் நெஞ்சில் சளி கட்டும். தொழிலாளர் லயத்து வீடுகளில் கொடுத்திருந்தால் கைநீட்டி வாங்கியிருப்பார்கள், பாதிப்பேர் கஞ்சிதான் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் வராதவன் பங்கை எடுத்து இன்னொருவருக்குப் போடுவது திவசச் சோறு போடுகிற மாதிரி. காக்கைக்கு வைப்பது அதைவிட மோசம். ஊரே அல்லாடும்போது சோற்றைக் கொட்டினால் கை விளங்குமா? என் வயிற்றுக்குள் இருந்தால் அது இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று ஒரு நினைப்பு. பைத்தியக்கார நினைப்புதான். ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்கினேன்.

"இனி முக்கா டம்ளர் போடுங்க, போதும்," என்றாள் அந்தப் பெண். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். கோபத்தோடு வீட்டுக்கு வந்து இரண்டரை டம்ளரே போட்டேன்.

அடுத்த மாதம் உதிரம் நிற்கவே இல்லை. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது வகுப்பில் சரிந்து விழுந்தேன். கண் விழித்தால் பிள்ளைகள் சுற்றி நின்று அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் முகத்தில் தெளித்த தண்ணீர் கழுத்து வரை வழிந்திருந்தது. சாவு இவ்வளவு பக்கத்தில் வந்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. அன்று சாயங்காலம் முக்கால் டம்ளர் அளந்து போட்டேன். பானையின் அடியில் அரிசி இருந்ததே தெரியவில்லை.

அன்றைக்குப் பார்த்து பஸ் வளைவில் நின்றது.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். பனியில் ஒருவன் தோளில் பையோடு இறங்கி மேட்டில் ஏறி வந்தான். அதே உயரம், அதே சாய்ந்த நடை. எனக்கு முதலில் வந்த நினைப்பு, ஐயோ சோறு இல்லையே என்பதுதான். அவன் விளக்குக் கம்பத்துக்குக் கீழே வந்தான். முகம் தெரிந்தது. லயத்து வீட்டுப் பையன், கோயம்புத்தூரில் கட்டட வேலைக்குப் போனவன். "நல்லாருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் போனான்.

தம்பி இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்தது நிம்மதி. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். சொன்ன பிறகுதான் எதற்கு அப்பாடா என்றேன் என்பது உறைத்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து, அவன் காணாமல் போனதிலிருந்து அழாத அழுகையை அழுதேன். ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர்களிடம் வயிற்றுவலி என்றேன்.

அன்றிலிருந்து முக்கால் டம்ளர்தான் போட்டேன். முள் இறங்க ஆரம்பித்தது. பிரஷரும் கட்டுக்குள் வந்தது. குன்னூரில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். என்னைவிட நர்ஸுக்குத்தான் சந்தோஷம். ஆஸ்பத்திரிக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், "கூட இருக்கறதுக்கு ஆருங்க வர்றாங்க? தம்பிங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க," என்றேன். "ஊட்டுல நான் ஒருத்திதான்."