ஹீரோ போட்ட மொட்டை

போன சித்திரையில வீரபாண்டி மாரியாத்தாகிட்ட நான் சண்டைக்குப் போனேன். வெக்கப்படாமச் சொல்றேன்.

நாங்க எடுத்தது சின்னப் படம். மொத்தமே ஏழு பேரு. கம்பத்துல இருந்து கேரளா எஸ்டேட்டுக்கு ஆளு ஏத்திட்டுப் போற ஜீப் டிரைவரோட கதை. அவரு மகளுக்குக் கடுமையான காய்ச்சல். பிள்ளை பொழைச்சாளா இல்லையாங்கிறதுதான் முடிவு. நெசமாவே ஜீப் ஓட்டுற மாரியண்ணன்தான் ஹீரோ. ஆஸ்பத்திரி சீன் மட்டும் பாக்கி. கேட்ட எடத்துல எல்லாம், கேமராவோட உள்ள வராதீகன்னுட்டாக. இரவல் கேமராவைத் திருப்பிக் குடுக்க ஒரே நாள்தான் இருந்துச்சு. ஆத்தா, ஒரு கட்டிலும் ஒரு சுவரும் குடுன்னு வேண்டிக்கிட்டே கெடந்தேன்.

அன்னிக்குக் காலையில மாரியண்ணன் வந்தாக. தலையில முடியே இல்ல. சந்தனம் பூசி, பளபளன்னு நிக்கிறாக.

"படம் நல்லபடியா முடியணும்னு நேந்திருந்தேன் தாயி. விடியக்காலையில போய்க் குடுத்துட்டேன்."

படம் பூரா அவுகளுக்குச் சுருட்டை முடி. முடிவெட்டவே கூடாதுன்னு கெஞ்சி வச்சிருந்தவ நாந்தான். வாயில வந்ததெல்லாம் திட்டினேன். மனுசன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாக. டோப்பா வச்சுப் பாத்தோம், கரடி மாதிரி இருந்துச்சு.

அழுதுக்கிட்டே வீரபாண்டிக்கு பஸ் ஏறினேன்.

"நான் கேட்டது ஒரு கட்டிலு. நீ எடுத்துக்கிட்டது என் ஹீரோ தலைமுடியவா?"

கேட்டுட்டு வெளிய வந்தேன். அங்கன ஒருத்தரு, மொட்டைத் தலையில சந்தனத்தோட, மகளுக்கு முறுக்கை ஒடிச்சு ஊட்டிக்கிட்டிருந்தாரு. பூக்காரம்மா அவரைப் பாத்து, பிள்ளைக்குச் சொகமாயிருச்சான்னு கேட்டாக. அவரு எதுவுமே சொல்லியிருக்கல. தலையைப் பாத்தே அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சு. என் படத்துக்கும் இந்தத் தலையே முடிவைச் சொல்லிருமேன்னு அப்பத்தான் பட்டுச்சு.

ஆஸ்பத்திரியே வேணாம்னு எங்க ஆளுகளுக்குப் போன் போட்டேன். சாயங்கால வெயில்ல லோயர் கேம்ப் கால்வா ஓரமா ஜீப்பை நிப்பாட்டினோம். மொட்டைத் தலையோட அப்பனும் பக்கத்துல மகளும் மாம்பழம் திங்கிறாக. வசனமே கெடையாது. எடுத்து முடிச்சதும் மாரியண்ணன் கையைப் புடிச்சு மன்னிப்புக் கேட்டேன். நானா செஞ்சேன், ஆத்தா செய்ய வச்சான்னாக.

போன மாசம் கம்பத்துல ஒரு கல்யாண மண்டபத்துல படத்தைப் போட்டோம். திரையில அந்த மொட்டைத் தலை வந்துச்சு. மக முகம் தெரியிறதுக்கு முன்னாடியே பொம்பளைக குலவை போட்டாக. நான் கடைசி வரிசையில உக்காந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

முன்னல்லாம் ஒண்ணு நடக்கலைன்னா யாரையாவது திட்டுவேன். இப்ப அந்தப் புத்தி கொறைஞ்சிருக்கு. உங்களுக்கும் எல்லாம் கெட்டுப்போச்சுன்னு தோணுச்சுன்னா ஆத்தாகிட்டப் போய்க் கோவிச்சுக்கங்க, தப்பில்ல. ஆனா உடனே பஸ் ஏறிராதீக. கோயில் வாசல்ல சித்த நேரம் நின்னு பாருங்க. எனக்கு வேண்டிய முடிவை அவ அன்னிக்கு விடியக்காலையிலயே மாரியண்ணன் தலையில குடுத்திருக்கா.