கல்வெட்டின் மேல் என் பரீட்சை எண்

சர்க்கரைக்குப் பயப்பட வேண்டிய வயதில் நான் ஓர் ஆறு இலக்க எண்ணுக்குப் பயந்தேன்.

பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னால் கோயில் சுவரில் பரீட்சை எண்ணை எழுதினால் பாஸ் என்று எங்கள் பள்ளியில் எல்லோரும் நம்பினோம். மற்றவர்கள் கரிக்கட்டியால் எழுதினார்கள். மழையில் கரி அழிந்தால் சாமி மறந்துவிடுமே என்று, திருமழிசைப் பக்கத்துப் பழைய சிவன் கோயிலில் நான் மட்டும் ஆணியால் செதுக்கினேன். அதுவும் கல்வெட்டின் மேல். அங்கே ஏற்கெனவே எழுத்து இருந்ததால், எழுதுவதற்கென்று விட்ட இடம் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பது வருடம் கழித்து, எங்கள் குமணன்சாவடி குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அதே கோயிலைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டார்கள். பழைய கட்டடங்களில் கிறுக்குகிறவர்களை அந்தக் குழுவில் அதிகம் திட்டியவன் நான். போகாவிட்டால் சந்தேகம் வரும். வெறும் எண்ணை வைத்து யார் என்னைக் கண்டுபிடிப்பார் என்று கேட்காதீர்கள். பயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது; துடைப்பத்தோடு போனேன்.

கல்வெட்டு படிக்கத் தெரிந்த அம்மாள் ஒருவரையும் வரவழைத்திருந்தார்கள். அவர் சுவரை ஒட்டி உட்கார்ந்து, படித்துப் படித்து நோட்டில் எழுதினார். நான் பத்தடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு, பெருக்கிய இடத்தையே பெருக்கினேன்.

"அணையாம எரியணும்னு விளக்கு வெச்சவர் பேரு இங்க இருந்திருக்கு. யாரோ நம்பரைச் செதுக்கி அழிச்சிட்டாங்க," என்றார். "சரி, அதையும் குறிச்சுக்கிறேன். கடைசியில இருக்கிறது ஒன்னா, ஏழா?"

"ஏழு," என்றேன்.

என்னை யாரும் கேட்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லியிருந்தேன்.

கோயில் காவல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா நைனா, முதுவுல கண்ணு கீதா ஒனக்கு?"

"என் பரீட்சை நம்பர்தான் மேடம்," என்றேன்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாஸாவது ஆனீங்களா?"

"கணக்குல போயிடுச்சு."

"பின்ன? சாமி மேலயே கீறிக்கினு வந்தா எப்டி மார்க் போடும்?" என்றார் காவல்காரர்.

"அந்தப் பேரு வேற எங்கயாவது கிடைக்குமா மேடம்?"

"இந்த ஒரு கல்லுலதான் இருந்துச்சு சார்."

பெயர் இருந்த இடத்துக்கு நோட்டில் புள்ளிகள் வைத்தார். அதற்குக் கீழே என் எண்ணை எழுதினார். பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "செதுக்கினது யாருன்னு போடட்டுமா? வேணாம்னா விட்டுடறேன்," என்றார்.

இத்தனை நாள் பயந்ததிலேயே களைத்துப் போயிருந்தேன். "போடுங்க," என்று என் பெயரை இனிஷியலோடு சொன்னேன்.