முதுகில் எடுத்த நீரும் பள்ளிப்பட்டு பஸ்ஸும்

முதுகெலும்புக்கு நடுவே ஊசி விட்டு நீர் எடுக்கிற வேலையில் டாக்டருக்குப் பேர் கிடைக்கும். நோயாளி அசையாதபடி முழங்காலையும் தலையையும் சேர்த்துச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் நர்ஸுக்கு இடுப்புவலி கிடைக்கும். திருத்தணி மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருஷமாக அந்த இரண்டாவது ஆள் நான். எனக்கு உட்காரவே வராது. ஒரு ரிப்போர்ட் வரவேண்டும் என்றால் வார்டுக்கும் வாசலுக்கும் நடந்தே செருப்பைத் தேய்த்துவிடுவேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்து, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. தாமோதரன் என்ற ஒரு நோயாளி என்னைப் படுத்திய பாட்டை உங்களிடம் சொன்னால்தான் புரியும்.

கால் வராது

தாமோதரன் பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டுகிறவர். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கடுங்காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். கழுத்து விறைத்துப் போயிருந்தது. மனைவி மஞ்சுளாவைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூளையைச் சுற்றியிருக்கும் நீரில் கிருமி புகுந்துவிட்டது என்று டாக்டருக்குச் சந்தேகம். தலை ஸ்கேன் பார்த்தாயிற்று, முதல் ஊசி மருந்தும் ஏற்றியாயிற்று. ஆனால் அது சாதாரணக் கிருமியா, காசநோய்க் கிருமியா? இரண்டுக்கும் மருந்து வேறு, நாள் கணக்கும் வேறு. முதுகிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்குக் கையெழுத்து வேண்டும்.

தாமோதரனின் அண்ணன் ஏழுமலை குறுக்கே நின்றார். தண்டுவடம் ஊசி போகிற இடத்துக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, எடுக்கிற நீரை உடம்பு அன்றைக்கே திரும்ப ஊறவைத்துவிடும் என்று படம் போட்டுக் காட்டினேன். படத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் ஊரில் ஒருத்தருக்கு இப்படி நீர் எடுத்தார்களாம், வீடு வரும்போது கால் வரவில்லையாம். "கால் வராததாலதாங்க அவருக்கு எடுத்தே இருப்பாங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அத நீங்க பாத்தீங்களா? நான் பாத்தேன்."

சிவப்புப் பொட்டலம்

கடைசியில், மலைக்குப் போய்ப் பூக் கேட்டுவிட்டு வருகிறோம் என்றார்கள். இந்தப் பக்கத்தில் பெண் பார்ப்பதிலிருந்து கிணற்றுக்குப் போர் போடுவது வரை அப்படித்தான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். மஞ்சுளாவும் ஏழுமலையும் ஆட்டோ பிடித்து மேலே போனார்கள். நான் இங்கே பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் வாசலுக்கு ஓடினேன். தாமோதரன் கட்டிலில் இல்லாத தறிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் எத்தனை பேர்மேல் எரிந்து விழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

ஆட்டோ வந்து நின்றது. ஏழுமலையின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சிவப்பு. "ஊட்டுக்கு இட்டுகினு போயிடலாம்" என்றார். மஞ்சுளா நேராக என் மேஜைக்கு வந்து பேனாவை எடுத்தாள். மூத்தாரை அவள் பாவா என்றுதான் கூப்பிடுவாள், ஆந்திர எல்லை வழக்கம். கோணாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரிடம் சொன்னாள்: "ஊசி போடலாமான்னுதான் சாமிய கேட்டேன் பாவா, இவரு எனக்கு வேணுமான்னு கேக்கல."

தயிர்ப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில்

நீர் எடுத்தோம். தெளிந்த தண்ணீராக வரவேண்டியது, அரிசி களைந்த தண்ணீராகக் கலங்கிச் சொட்டியது. டியூப்களை உதவியாள் கன்னியம்மாவிடம் கொடுத்து லேபுக்கு அனுப்பினேன். கையெழுத்து தாமதமானதில் மணி ஒன்றைத் தொட்டிருந்தது. லேப் டெக்னீஷியன் பாஷா பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். கன்னியம்மாவும் பொறுப்பான பெண்தான். கெட்டுப்போகக் கூடாதே என்று எங்கள் சாப்பாட்டு அறை ஃப்ரிட்ஜில், தயிர்ப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் டியூப்களை வைத்துவிட்டு வந்து, என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

நான் ஓடின ஓட்டத்தில் ஒரு ஸ்டாண்டு சாய்ந்தது. டியூப்களை எடுத்துப் பார்த்தால் லேசாகத்தான் குளிர்ந்திருந்தன. உள்ளங்கையில் பொத்திக்கொண்டு மசூதித் தெருப் பக்கம் பார்த்தபடி வாசலிலேயே நின்றேன். பாஷா பாய் வந்ததும் விஷயத்தைச் சொல்லி டியூப்களை நீட்டினேன். தொப்பியைக்கூடக் கழற்றாமல் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தார். சாதாரணக் கிருமிதான், காசநோய் மாதிரி இல்லை என்றார் கொஞ்ச நேரத்தில். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் கன்னியம்மாவைக் கூப்பிட்டு, திட்டாமல் சொன்னார்: "தயிருக்குத்தாம்மா ஃப்ரிட்ஜு, இதுக்குக் குளிர் ஆவாது, நான் பாக்கறதுக்குள்ள கிருமி செத்துப் போச்சுன்னா யாரு வந்தான்னு எவனக் கேக்கறது?"

காலிக் கட்டில்

இது என் தப்பு. ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் சுத்தமாக இல்லை. தாமோதரன் மஞ்சுளாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு இட்லி கேட்டார். சந்தோஷத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அவ்ளோதான், நல்லாயிட்டாரு" என்று சொல்லிவிட்டேன். மத்தியான ஊசியோடு போனால் கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது. டாக்டர் வெளிநோயாளிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் ஆட்டோவில் பாய்ந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் பள்ளிப்பட்டு வண்டி உறுமிக்கொண்டிருந்தது. மூன்றாவது சீட்டில் மூவரும். தாமோதரனின் கையில் ஊசிக் குழாய் அப்படியே இருந்தது, மேலே துண்டு. "நல்லாயிட்டாருன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றாள் மஞ்சுளா. குறையாகச் சொல்லவில்லை, நம்பித்தான் கேட்டாள். அத்தனை பேர் முன்னால் எனக்கு வெட்கமாகிவிட்டது. படிக்கட்டில் நின்றபடியே சொன்னேன். ரத்தத்தில் ஓடுகிற கண்ட கண்ட பொருளும் மூளைக்குள் போகாமல் தடுக்க ஒரு காவல் இருக்கிறது. அது மருந்தையும் தடுக்கும். நோய் கடுமையாக இருக்கும்போது அந்தக் காவல் தளர்ந்துபோகும், மருந்து சுலபமாக உள்ளே போகும். உடம்பு தேறத் தேறக் காவல் திரும்பவும் இறுகும், உள்ளே போகிற மருந்து குறையும். அதனால்தான் நன்றாக இருக்கிற இந்த நாளிலும் அதே பெரிய அளவு ஊசியைப் போட்டாக வேண்டும். இப்போது விட்டால் மிச்சமிருக்கிற கிருமி மறுபடி கிளம்பும், அப்புறம் ஆளைப் பிடிக்க முடியாது.

ஏழுமலை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். மஞ்சுளா முதலில் எழுந்தாள். ஏழுமலை அப்போதும் அசையவில்லை. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர்தான் கடைசியில் வாயைத் திறந்தார்: "பெரியவரே, எறக்கி வுடுங்க அவர, வார்டு செருப்போட ஓடியாந்துகீறாங்க, அது இன்னா சும்மாவா?"

வலது காது

பதினான்கு நாள் ஊசியும் முடிந்தது. ஏழுமலைதான் தினமும் எனக்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்து, "சிஸ்டர், நேரமாச்சு" என்று நச்சரித்தார். போகிற நாளில் காது சோதித்தார்கள். இந்தக் காய்ச்சல் சிலருக்கு அப்படி ஒரு அடையாளம் வைத்துவிட்டுப் போகும். வலது காதில் ஒன்றுமே கேட்கவில்லை. திரும்பி வராது என்று டாக்டர் சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முதல் நாள் கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தால், கையெழுத்து சீக்கிரம் கிடைத்திருந்தால் என்று மனசு அலைந்தது. அந்தக் கணக்குக்கு விடை கிடையாது, போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

மஞ்சுளா தாமோதரனின் வலது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பிறகு கட்டிலைச் சுற்றி இடது பக்கம் வந்து, அவர் தோளில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இனிமே நான் இந்தாண்டயே இருந்துக்கிறேன் சிஸ்டர், உயிரு இருக்குதில்ல, பேசிக்கலாம்."

மூளைக்குள் எந்த மருந்து எவ்வளவு போகும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். நோயாளியை மருந்து முடிகிறவரை கட்டிலில் வைத்திருப்பது எப்படி என்பதற்கு மட்டும், எங்கள் ஊரில், பஸ் கிளம்புகிற நேரம் தெரிந்திருக்க வேண்டும்.