மனைவியின் நெஞ்சுக்குள் எதை வைத்து அடைப்பது

குளச்சலில் ஃபைபர் வள்ளங்களில் ஓட்டை அடைப்பது என் வேலை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. அதற்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அதனால் மனைவி இருமி ரத்தம் துப்பி, நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஒழுகுற ரத்தக்குழாய அடைக்கணும்" என்றபோது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். கடைசியில் எனக்குத் தெரிந்த விஷயத்தைப் பேச ஒரு டாக்டர் கிடைத்தார் என்ற நினைப்பு. அந்த நினைப்பில்தான் கெட்டேன்.

அவளுக்கு எப்போதோ வந்து குணமான டிபி நுரையீரலில் தழும்பை விட்டுப் போயிருந்தது. அங்கே குழாய்கள் வீங்கி ஒழுகின. தொடை வழியாக நூல் போன்ற டியூபை அதுவரை கொண்டுபோய் அடைப்பார்களாம். அடைக்கக் கம்பிச்சுருள் உண்டு, பசை உண்டு, மணலைவிடப் பொடியான துகள் உண்டு, சில வாரத்தில் கரைந்துபோகிற ஸ்பஞ்சும் உண்டு.

எங்கள் கரையில் எவனும் தனியாக யோசித்து எஞ்சின் வாங்கமாட்டான். அந்தப் பழக்கத்தில் அவள் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் போட்டேன். குவைத்திலிருந்து மச்சினன் போனில் முகம் காட்டினான்.

"மச்சான், கம்பியப் போடச் சொல்லுங்க. அதுதான் நிக்கும்."

என் அக்கா, "கரையுத சாதனத்த எதுக்குலே வைக்கணும்? அது வேண்டாம்" என்றாள். எனக்குப் பசைமேல் ஒரு பாசம். சோறு போடுவது அதுதானே.

மனைவி படுத்தபடியே கேட்டாள். "ஒழுகுதது எனக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"சரி, நீ சொல்லு."

சொல்ல வாயெடுத்தவள் இருமினாள். வாயைத் துடைத்த துவர்த்துத் துண்டு சிவந்தது. போனில் மச்சினன், "கம்பி, மச்சான், கம்பி" என்று கத்தினான்.

நான் ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். "சார், வீட்டுல பேசி முடிவாக்கியாச்சு. கம்பி போதும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கள யாரு தெரிஞ்செடுக்கச் சொன்னா? என்னெல்லாம் உண்டுன்னுதான சொன்னேன்."

பிறகு பொறுமையாக விளக்கினார். கம்பிச்சுருள் வாசலிலேயே உட்கார்ந்துவிடும். உள்ளே இருக்கிற சின்னக் குழாய்கள் வேறு வழியில் ரத்தம் வாங்கி மறுபடி ஒழுகினால், திரும்ப நுழைய வாசல் இருக்காது. பசை சட்டென்று உறையும். தப்பான இடத்துக்கு ஓடினால் திருப்பி எடுக்க முடியாது. துகள் உள்ளே போய் அடைக்கும், ஆனால் ரொம்பப் பொடியாக இருந்தால் முதுகுத்தண்டுக்குப் போகிற குழாயில் நுழைந்துவிடலாம்.

"அப்போ சார், நல்லது எது?"

"உள்ள படத்தப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

உறுதியானது கெடுதல் செய்யும், பொடியானது நல்லது, ஆனால் ரொம்பப் பொடி ஆகாது. எல்லாம் விளங்கினவன்போலத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். அக்கா, "என்னலே சொன்னாரு?" என்றாள். "நல்லாத்தான் சொன்னாரு" என்றேன்.

கடைசியில் துகளைத்தான் போட்டார்கள். மறுநாள் காலையில் அவள் இருமினாள். டிஷ்யூ பேப்பரில் ரத்தம். வராந்தாவுக்கு ஓடிக் கூப்பிட்டேன். நர்ஸ் எட்டிப் பார்த்து, "இது பழைய ரத்தம், கொஞ்ச நாளைக்கு வரும். புதுசா செவப்பா வந்தா கூப்பிடுங்க" என்று போய்விட்டாள்.

அதன்பின் ஒவ்வொரு இருமலுக்கும் பேப்பரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"செவப்பா?" என்றாள்.

"செம்மண்ணு மாதிரி இருக்கு."

"செம்மண்ணு செவப்பில்லாம பச்சையா? நர்ஸக் கூப்பிடணுமா, வேண்டாமா?"

"தெரியல்ல ஏட்டி. இன்னொருக்க இருமு, பாப்போம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும் வந்தது. நான் அடுத்த பேப்பரை உருவினேன்.