நாத்தனார் அனுப்பிய ஊக்கம்

கணவர் போன பிறகு அந்தக் குஷன் கடையை அவள் ஒருத்தியாகவே நடத்தினாள். பழைய சோபாக்களின் துணியை உரித்து, அமுங்கிப்போன ஃபோமை மாற்றி, புது உறை போட்டுக் கொடுக்கும் வேலை. வீதியில் அவளுக்குக் குஷன்காரம்மா என்று பெயர். பாதி நேரம் உதட்டில் குட்டி ஆணிகளைக் கவ்விக்கொண்டிருப்பாள். அதனால் அதிகம் பேசுவதில்லை. ஆணிகளைத் துப்பிவிட்டுப் பேசத் தொடங்கினால் எதிரில் நிற்பவர் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது.

அவளுடைய நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, ஒரு பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி இறந்த துக்கம் ஆறுவதற்குள்ளேயே குஷன்காரம்மாவின் போனுக்குத் தினமும் காலையில் ஒரு வீடியோவோ பாட்காஸ்டோ அனுப்ப ஆரம்பித்தார். ‘விழுந்த இடத்தில் முளைத்தவள்’ என்று ஒரு நாள். ‘உன்னுள் தூங்கும் கலைஞனை எழுப்பு’ என்று மறுநாள். கீழே தவறாமல் ஒரு வரி இருக்கும்: “ரொம்ப அருமை. உனக்காகவே பேசின மாதிரி இருக்கு.”

அந்த வரியைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதையும் திறக்கவில்லை. பதிலும் போடவில்லை. நாத்தனார் போன் செய்தார்.

“அனுப்பினத பாத்தியா?”

“இல்ல அண்ணி. வேல இருக்கு.”

“உன் நல்லதுக்குத்தானே சொல்றேன். இப்படியே மூஞ்ச தூக்கி வெச்சிட்டிருந்தா எப்படி?”

“என் மூஞ்சி உங்களுக்கு போன்ல தெரியுதா?”

நாத்தனார் பட்டென்று வைத்துவிட்டார். ஆனால் வீடியோக்கள் நிற்கவில்லை. அந்த வாரக் கடைசியில் ஆளே கடைக்கு வந்து நின்றார். வேலை மேசையில் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டு, தன் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, ஒருவர் மேடையில் பேசுவதை ஓட விட்டார். சோபா சட்டம் கொண்டுவந்திருந்த தச்சர் போவதா நிற்பதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்.

மேடைக்காரர், துக்கம் என்பது ஒரு பரிசு என்றார். குஷன்காரம்மா சுத்தியலை எடுத்து, அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஓர் ஆணி அடித்தாள்.

“கொஞ்சம் நிறுத்திட்டு கேளேன்,” என்றார் நாத்தனார். “எப்பப் பாத்தாலும் அதே பழுப்பு ரெக்சின், அதே தையல். ஒரு புதுமை வேணாமா? என் தம்பி இருந்திருந்தா கடைய இப்படித் தூங்க விட்டிருப்பானா?”

அவள் ஆணிகளை உள்ளங்கையில் துப்பினாள்.

“உங்க தம்பி இந்தக் கடையில ஊசி புடிச்சதே இல்ல அண்ணி. வந்தவங்ககிட்ட இனிமையா பேசுவாரு. தெச்சதெல்லாம் நான். பழுப்பு ரெக்சின் வாங்கி அடுக்கினது அவரு. அத தீக்கத்தான் நான் தெச்சிட்டிருக்கேன்.”

நாத்தனாரின் முகம் செத்துவிட்டது. “செத்தவன பத்திப் பேசற பேச்சா இது,” என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்துக் கைப்பையில் போட்டார். போகிற போக்கில் தச்சரையும் ஒரு முறை முறைத்தார்.

அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை அறவே நின்றது. வீடியோ மட்டும் காலையில் டாணென்று வந்தது, கீழே இருந்த வரி இல்லாமல்.

மழைக்காலத்தில் வேலை குறைந்தது. கடையில் பேச்சுத் துணையும் இல்லை. ஒரு மத்தியானம், திட்டுவதற்காவது ஏதாவது கிடைக்கும் என்று நாத்தனார் அனுப்பிய பட்டியலைத் திறந்தாள். நன்றாகவே கிடைத்தது. ‘அதிகாலையில் எழுந்தால் உலகம் உன் கையில்’ என்றவனிடம், “உனக்குக் காப்பி போட்டுக் குடுக்கறது யாருடா?” என்று கேட்டாள். தன்னைத் தானே கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொன்ன பெண்ணின் வாயைப் பாதியிலேயே அடைத்தாள்.

அடுத்து ஓடியது, நாடகக் கம்பெனிகளுக்கு டோப்பா, அதாவது பொய்முடி, செய்யும் ஒரு பெண்ணுடன் நடந்த நீண்ட உரையாடல். பேட்டி எடுத்தவன் குழைந்த குரலில், உங்களுக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டான்.

“எங்கேருந்தும் வரல,” என்றாள் டோப்பாக்காரி. “நான் மொதல்ல கட்டினத பாத்து என் மாமியார் குரங்கு முடின்னாங்க. அந்த ஆத்திரத்துல ரெண்டாவது கட்டினேன். இன்னிக்கும் ஆத்திரம் இல்லாத அன்னிக்கு எனக்கு கை ஓடாது.”

அவன் சிரித்தான்.

“சிரிக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன்.”

குஷன்காரம்மா சுத்தியலைக் கீழே வைத்தாள். முடிகிற வரைக்கும் கேட்டாள். பிறகு மறுபடி முதலிலிருந்து ஓட விட்டாள். சாயங்காலம் பரண்மேல் கிடந்த வெட்டுத் துணி மூட்டைகளை இழுத்துப் போட்டு, தச்சர் விட்டுப்போன சட்டத்துக்கு உறை வெட்ட ஆரம்பித்தாள். கருநீலத்துக்குப் பக்கத்தில் செங்கல் நிறம், அதற்குப் பக்கத்தில் யாரோ வேண்டாமென்று தள்ளிய கோடு போட்ட திரைச்சீலை. தையல்களை மறைக்காமல் தடித்த நூலில் வெளியே தெரியும்படி போட்டாள். இரண்டு முறை பிரித்தாள். மூன்றாவது முறை உட்கார்ந்தது.

தச்சர் வந்து பார்த்துத் தாடையைத் தடவினார். “இத யாரு கேட்டாங்க?”

“யாரும் கேக்கல.”

“அதான் பாத்தேன்,” என்றார் அவர்.

டோப்பாக்காரி பேசியது வேறு ஏதாவது இருக்கிறதா என்று அவளுக்குத் தேடத் தெரியவில்லை. அனுப்பியவரைக் கேட்டால்தான் உண்டு. அதற்குத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. பல நாள் தள்ளிப்போட்டுவிட்டுக் கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு போன் செய்தாள்.

“டோப்பா செய்யறவங்க பேசினத அனுப்பினீங்களே அண்ணி, அவங்களோடது வேற இருக்கா?”

“எந்த டோப்பா?”

“நீங்கதானே அனுப்பினீங்க. ‘தலைக்கு மேல் ஒரு கலை’ன்னு.”

“தலைப்பு நல்லா இருந்துது, அனுப்பினேன்.”

“கேக்கலையா?”

“எல்லாத்தையும் உக்காந்து கேக்க முடியுமா?”

“ஒண்ணையாவது கேட்டீங்களா?”

நாத்தனார் பேச்சை மாற்றி, அங்கே மழை விட்டதா என்று விசாரித்தார். குஷன்காரம்மாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ‘உனக்காகவே பேசின மாதிரி’ என்று எத்தனை நாள் எழுதியிருப்பார்? வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினாள். நாத்தனாரும் விடவில்லை.

“காலைல எந்திரிச்சா என்னால ஆகவேண்டியது யாருக்கும் ஒண்ணும் இல்ல. உனக்காவது அனுப்புவோம்னு அனுப்பினேன். அது குத்தமா?”

“குத்தம்தான். மொதல்ல அத முழுசா கேளுங்க. கேட்டுட்டு பேசுங்க.”

மறுநாள் நாத்தனார் அழைத்தார். “கேட்டேன். மகா திமிரு புடிச்சவ. மாமியார ஊரறிய திட்டறா. இதுல என்ன ஊக்கம் இருக்கு?”

“உங்களுக்குப் புரியாது.”

“உனக்கு மட்டும் புரிஞ்சிடுச்சாக்கும்.”

அன்றிலிருந்து தான் கேட்டதை மட்டுமே நாத்தனார் அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை நடந்தது.

அந்த ஒட்டு சோபா கடை வாசலில் வெகுநாள் கிடந்தது. பிறகு புதிதாக முடி திருத்தகம் திறந்த ஒரு பெண், காத்திருப்பவர்கள் உட்கார வேண்டுமென்று எடுத்துப் போனாள். அதைப் பார்த்துவிட்டு அதே மாதிரி வேண்டுமென்று ஆட்கள் வந்தார்கள். பழுப்பு ரெக்சினைத் தொடவே நேரமில்லாமல் போயிற்று.

பிறகு ஒரு கல்யாண வீட்டில் குஷன்காரம்மாவின் முதுகுக்குப் பின்னால் நாத்தனாரின் குரல் கேட்டது. யாரோ இரண்டு பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “நான்தான் தெனமும் வீடியோ அனுப்பி அனுப்பி அவள எழுப்பி நிறுத்தினேன். இல்லன்னா இன்னும் ஆணி அடிச்சிட்டே உக்காந்திருப்பா.”

குஷன்காரம்மா சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய் அந்தப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். “ஒண்ணையும் கேக்காம அனுப்பினத சொல்லலையா அண்ணி?” என்றாள்.

நாத்தனார் அவளைப் பார்க்காமல், பக்கத்தில் இருந்தவளிடம் தண்ணீர் கேட்டார்.